படகுக்கும் கடன் வேண்டாம், காலேஜ் சீட்டுக்கும் கடன் வேண்டாம்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகன் விடிந்தும் விடியாமலும் போரூர் ஏரிக்கு ரோயிங் (துடுப்புப் படகுப் போட்டி) பயிற்சிக்கு ஓடுகிறான், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டவே வேண்டாம் என்கிறான், வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் பெரியப்பா சொல்கிறார் என்பதற்காக நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கே பிடிக்காத பிள்ளைக்கு வாங்கும் சீட் அரியராகத்தான் வந்து நிற்கும்.

"படகு ஓட்டினால் சோறு கிடைக்குமா?" என்று அவர் கேட்கிறாராம். கிடைக்கும். இந்தியாவில் அந்தச் சோற்றைப் பெரும்பாலும் போடுவது ராணுவம். நாசிக் பக்கத்துக் கிராமத்தில் கிணறு வெட்டப் போய்க்கொண்டிருந்த தத்து போகனல், 2012-ல் பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பையே தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13-ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் போன பல்ராஜ் பன்வாரும் ராணுவ வீரரே. புனேயில் ராணுவத்துக்கென்றே ரோயிங் பயிற்சி மையம் இருக்கிறது. படகு, பயிற்சியாளர், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு, சம்பளமும் உண்டு. விளையாட்டு வீரர்களை நேரடியாக ஹவில்தாராக எடுக்கும் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பு போதும். ஆனால் பெரிய போட்டிகளில் விளையாடிய சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எர்கோமீட்டரில் 2000 மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். தரையிலேயே உட்கார்ந்து துடுப்புப் போடும் மெஷின் அது. காற்று, அலை என்று சாக்குச் சொல்ல முடியாது. உலகத் தரத்து ஆண்கள் 6 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். இவனுக்கு ஏழு ஆனாலும் பதறாதீர்கள், மாதா மாதம் நொடிகள் குறைகிறதா என்று பாருங்கள். அப்புறம், எடை ஏறுகிறதே என்று சோற்றைக் குறைக்க வேண்டாம். குறைந்த எடைப் பிரிவு பாரிஸோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது, இனி உயரமும் வலுவும்தான் கணக்கு.

செலவு விஷயத்தில் கறாராக இருங்கள். ஒற்றை ஆள் படகு எட்டு மீட்டர் நீளம், எடை வெறும் 14 கிலோ, விலையோ லட்சங்களில். அதை வாங்கித் தரவே கூடாது. கிளப் படகு போதும். தோளோ முதுகோ போனால் கையில் ஒரு டிகிரியாவது வேண்டும். அதற்குப் பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜில் விளையாட்டுக் கோட்டாவில் அவனுக்குப் பிடித்த பாடத்தில் சேருங்கள். பணம் கொஞ்சம்தான் ஆகும், காலைப் பயிற்சியும் தப்பாது.

அடுத்த முறை அவனையும் கூட்டி வாருங்கள், அந்த 2000 மீட்டர் நேரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.