போர்த்துகீசியத்தில் 'வந்து சேர்' என்று பொருள்படும் 'ஷெகார்' எந்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது?

லத்தீன் 'ப்ளிகாரே'. அதற்குப் பொருள் மடிப்பது.

ஒலியில் ஒட்டே இல்லையே என்று தோன்றும். லத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த ப்ள, க்ள, ஃப்ள மூன்றும் போர்த்துகீசியத்தில் பல சொற்களில் 'ச்ச' ஆகி, பிற்பாடு பெரும்பாலான இடங்களில் 'ஷ' என்று தேய்ந்தன. மழைக்கு லத்தீனில் ப்ளூவியா, போர்த்துகீசியத்தில் ஷூவா. ஈயம் ப்ளும்பும், இப்போது ஷும்பு. திறவுகோல் க்ளாவிஸ், இப்போது ஷாவி. ஆமாம், நம் வீட்டுச் சாவியேதான். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்தபோது அந்தச் சொல்லை 'ச்சாவி' என்றுதான் உச்சரித்தார்கள். வடக்குப் போர்ச்சுகலில் சிலர் இன்னும் அப்படியே சொல்கிறார்கள்.

சரி, மடிப்பது எப்படி வந்து சேர்வதானது? மாலுமிகள் கரையைத் தொட்டதும் கப்பல் பாயை மடித்தார்கள், அதனால் என்று ஒரு கதை சொல்வார்கள். ருமேனிய மொழியில் அதே சொல் 'ப்ளெகா' ஆகி, கிளம்புவதைக் குறிக்கிறது. அங்கே சிப்பாய்கள் கூடாரத்தை மடித்துக்கொண்டு புறப்பட்டார்களாம். கூடாரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பாய் மடித்த கதைதான் தேவையே இல்லை என்பேன். ப்ளிகாரேயில் முன்னொட்டுச் சேர்ந்து வந்த 'அப்ளிகாரே' என்ற சொல்லுக்கு ஒன்றோடொன்றை ஒட்டவைப்பது என்று பொருள். கப்பலைக் கரையோடு அணைப்பதற்கும் பழைய லத்தீனில் அதுதான் வழக்கு. ஒட்டுவதிலிருந்து நெருங்குவது, நெருங்குவதிலிருந்து சேர்வது. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புனிதத் தலங்களுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண்மணியின் பயணக் குறிப்பில், தரைவழிப் பயணத்திலேயே ப்ளிகாரே 'நெருங்கிப் போவது' என்ற பொருளில் வந்துவிடுகிறது. அவர் ஐபீரியாவின், அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பத்தின், வடமேற்கு மூலையைச் சேர்ந்தவர் என்று பலர் கருதுகிறார்கள். போர்த்துகீசியம் பிறந்ததும் அந்தப் பக்கம்தான்.

அந்த நெருக்கம் இன்றும் போகவில்லை. 'ஷேகாத்தெ பாரா கா' என்றால் 'இந்தப் பக்கம் தள்ளி வா'. பணத்தைப் பற்றி 'நாவ்ங் ஷேகா' என்றால் பணம் வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பத்தாது என்று அர்த்தம். வெறும் 'ஷேகா!' என்று கத்தினால் 'போதும் நிறுத்து'. 2019-ல் போர்ச்சுகலில் தொடங்கிய வலதுசாரிக் கட்சிக்குப் பெயரே அதுதான்.

அப்புறம், துணி மடிக்கச் சொல்ல ஷெகார் உதவாது. அதற்கு 'டோப்ரார்' என்று வேறு வினை இருக்கிறது. பாவாடையில் தைக்கும் மடிப்புக்குத்தான் 'ப்ரேகா' என்று ப்ளிகாரேயின் உறவுச்சொல் ஒன்று மிச்சம்.