கல்லடிப் பாலத்தில் பாதி வழி

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 61. பதினாலு வருஷமாகச் சீனி வருத்தம். பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நடக்கப் போவேன். பாதிப் பாலம் போகுமுன் இடது கெண்டைக்கால் உளையத் தொடங்கிவிடும். கம்பியைப் பிடித்தபடி, மீன் பாடுதோ என்று கேட்பவன்போல வாவியைப் பார்த்து நிற்பேன். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். தங்கைக்கு மார்பகப் புற்று. ட்ரஸ்டுசுமாப் ஊசி ஏற்றுகிறார்கள். புற்றைத் தேடிப் போகும் ஊசியாம். சீனியால் பழுதான இரத்தக் குழாய்க்கும் அப்படி ஒன்று வரப்போகிறது என்கிறார் மருமகன். எப்போது வரும்? கொழுப்புக் குளிசை ஈரலைக் கெடுக்கும் என்று அயலில் சொன்னதால், நிறுத்தி ஆறு மாதமாகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்களப்பு

பதில்: கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும், சேர். அதற்கு வருகிறேன்.

தங்கைக்கு ஏற்றுவது ஒரு பிறபொருளெதிரி, அதாவது ஓர் அடையாளத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம். அதில் ஒரே வகையை மட்டும் ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்கும் வழியைக் கோலரும் மில்ஸ்டீனும் 1975 இல் கண்டுபிடித்தார்கள். தங்கையின் புற்றுக் கலங்களின் மேல் ஹெர்2 என்ற புரதம் அளவுமீறிக் கிடக்கும். ஊசி அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறது.

உங்கள் இரத்தக் குழாயில் அப்படி அடையாளம் போட்ட எதிரி இல்லை. சீனியில் ஊறிய உட்சுவர் புண்பட்டு, வெள்ளைக் கலங்களை ஒட்டவைக்கிறது. அவை உள்ளே புகுந்து கெட்ட கொழுப்பை வயிறு முட்டத் தின்றுவிட்டு, இன்டர்லியுகின்-1 பீட்டா என்ற புரதத்தை விட்டு இன்னும் ஆட்களைக் கூப்பிடுகின்றன. இதைத்தான் அழற்சி என்கிறோம். எல்லாம் நம்முடைய ஆட்கள். யாரைக் கொல்வது?

அதனால் ஆளை விட்டுவிட்டு, கூப்பிடும் குரலை அடக்கிப் பார்த்தார்கள். 2017 இல் வெளிவந்த கான்டோஸ் ஆய்வில், முன்பு மாரடைப்பு வந்த 10,061 பேர். ஐந்தில் இரண்டு பேர் சீனிக்காரர். கனகினுமாப் என்ற பிறபொருளெதிரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் சேர்த்து 15 வீதம் குறைந்தது. ஆனால் கிருமி தொற்றி இறந்தவர்கள் கொஞ்சம் கூடினார்கள். கிருமி வந்தாலும் கூப்பிடுவது அதே குரல்தானே! சீனிக்காரர் காலில் ஒரு நெருஞ்சி முள் ஏறினால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். இதய நோய்க்கு அந்த ஊசியை அமெரிக்காவில் அனுமதிக்கவில்லை.

மருமகன் வாசித்தது வேறொன்றாகவும் இருக்கலாம். புற்றுக்கட்டிக்குள் புதிதாக முளைக்கும் குழாய்களில் ஃபைப்ரோநெக்டின் புரதத்தின் ஒரு துண்டு தென்படும். கொழுப்புப் படிந்த நாடிச் சுவரிலும் அது இருக்கிறது. அதைத் தேடிப் போகும் பிறபொருளெதிரியை எலியில் பார்த்திருக்கிறார்கள். எலிக்கும் கல்லடிப் பாலத்துக்கும் தூரம் அதிகம்.

2023 இல் அமெரிக்காவில் இதயத்துக்கு அனுமதி பெற்றது அழற்சியை அடக்கும் ஒரு பழைய குளிசை: கொல்கிசின், 0.5 மில்லிகிராம். அது வேறொன்றுமில்லை, மாரியில் நம் வேலியில் பூக்கிற கார்த்திகைப் பூவின் கிழங்கில் உள்ள நஞ்சு. தயவுசெய்து மண்வெட்டியை எடுக்கவேண்டாம்! நான் வேலை பழகிய காலத்தில், ஏதோ கிழங்கென்று அவித்துத் தின்று வார்ட்டுக்கு வந்த ஒரு அம்மா தப்பிவிட்டார். இரண்டாம் கிழமை அவருடைய முடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடந்தது.

சரி, உங்கள் கால். நடந்தால் உளைவு, நின்றால் சுகம் என்றால் காலுக்குப் போகும் குழாய் ஒடுங்கியிருக்கிறது என்றே முதலில் சந்தேகிப்பேன். அடுத்த கிளினிக்கில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்து நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிடுவார்கள், கணுக்கால் அளவைக் கை அளவால் பிரித்தால் 0.9 க்குக் கீழே வந்தால் அடைப்புத்தான். நிறுத்திய ஸ்டாட்டின் குளிசை கொழுப்பை மட்டுமல்ல, நான் மேலே சொன்ன அழற்சியையும் குறைப்பது. ஈரல் பயம் இருந்தால் ஒரு இரத்தப் பரிசோதனை போதும். அதைக் கேட்டு, குளிசையைத் திரும்பத் தொடங்குவது பற்றிப் பேசுங்கள். பீடி, சிகரட் இருந்தால் இன்றே விடுங்கள். நடையை விடவேண்டாம், உளைந்தால் நின்று, திரும்ப நடவுங்கள்.

தங்கையிடம் ஒன்று கேளுங்கள்: எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தாயிற்றா? அந்த ஊசி சிலருக்கு இதயத்தைத் தளர்த்தும். மூன்று மாதத்துக்கொருமுறை பார்க்க வேண்டும்.