நகையை அடகு வைத்துத் தம்பியை எவரெஸ்ட்டுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 52. பிறந்த ஊர் குடியாத்தம், வாழ்க்கைப்பட்ட ஊர் ஆம்பூர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். முதுகு வலி தாங்காமல் போன வருஷம் நின்றுவிட்டேன்.

எனக்கு ஒரே தம்பி, 11 வயது சின்னவன். பெங்களூரில் ஐ.டி. வேலை. வருகிற வைகாசியில் எவரெஸ்ட் ஏறப் போகிறானாம். மொத்தம் 50 லட்சம் ஆகுமாம். சேமிப்பு, கடன், அவன் கம்பெனி தருவது எல்லாம் போக ஐந்து லட்சம் இடிக்கிறது, "நீதான்க்கா பார்த்துச் செய்யணும்" என்கிறான்.

அப்பா லுங்கி நெசவு, அம்மா பீடி சுற்றுவார். அவனை வளர்த்தது நான்தான். சோளிங்கர் மலைக்கு வேண்டுதலுக்குப் போனபோது 1,305 படியும் அவனை இடுப்பில் வைத்து ஏறினேன். அவன் இன்ஜினீயரிங் ஃபீஸ் என் சம்பளம். அவன் கேட்காமலேயே வாங்கிக் கொடுத்த முதல் பைக் என் போனஸ். முதல் சம்பளத்தில் எனக்குப் பணம் அனுப்பினான், அக்காவுக்கா கொடுப்பாய் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அம்மா கடைசிக் காலத்தில் வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தது நான். அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவான். செலவுக்குப் பணம் நீட்டினான், அவன் பெண்டாட்டி ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நான் வாங்கவில்லை. இவ்வளவு செய்தவளுக்கு என்ன மரியாதை? வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே கூடுது, இவன் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அடுத்த சிரசுக்கும் பனிமலையில்தான் இருப்பான்.

பணம் வேணும்னாத்தான் போன் வரும், மற்ற நாளில் வராது, அது கிடக்கட்டும். என் பி.எஃப். பணம் மகள் கல்யாணத்துக்கு வைத்தது. அம்மா போட்ட நகையை அடகு வைத்தால் ஐந்து லட்சம் புரட்டலாம். வீட்டுக்காரர் "உன் நகை, உன் தம்பி" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கிறார். 2023-ல் எவரெஸ்ட் ஏறிய விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்விக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது, நீ கொடுக்க மாட்டாயா என்று கேட்கிறான். இன்ஜினீயரிங் ஃபீஸ் கட்டியதெல்லாம் மறந்துவிட்டதா அவனுக்கு? கொடுக்கட்டுமா, வேண்டாமா?

— ஆம்பூர் வாசகி

அன்புச் சகோதரி,

நகையை அடகு வைக்காதீர்கள். பணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். படிப்புக்கோ வைத்தியத்துக்கோ என்றால் வேறு யோசனை சொல்லியிருப்பேன். ஒருவர் ஆசைப்பட்டு ஏறும் மலைக்கு இன்னொருவர் வட்டி கட்டக் கூடாது.

ஆனால் உங்களை உறங்கவிடாமல் செய்வது ஐந்து லட்சம் இல்லை. "பணம் வேணும்னாத்தான் போன் வரும்" என்று எழுதிவிட்டு, "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அம்மாவும் இல்லாத நிலையில் உங்களுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்தத் தம்பி ஒருவர்தான். இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த போனும் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். நகைப் பெட்டியைத் திறக்கச் சொல்வது அந்தப் பயம்தான்.

இனி நான் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். அவர் உங்களுக்கு எதையும் செய்ய முயலவில்லையா? முதல் சம்பளத்தில் பணம் அனுப்பினார், திருப்பிவிட்டீர்கள். அம்மாவின் வைத்தியத்துக்கு நீட்டினார், வாங்கவில்லை. பாசத்தில்தான் மறுத்தீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் பெற்ற தாய்க்குச் செலவு செய்யக்கூட அனுமதி கிடைக்காத மகனாக அவர் அன்று ஊர் திரும்பியிருக்கிறார். கொடுக்க வந்தால் அக்கா வாங்க மாட்டாள், கேட்டால் மட்டும் கொடுப்பாள் என்று இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டார். உங்களிடம் வர நீங்கள் திறந்துவைத்த கதவு அது ஒன்றுதான். அந்த வழியாகவே வருகிறார் என்று இப்போது அவர்மேல் வருத்தப்படுவது நியாயமில்லை. அவர் கேட்காமலேயே வாங்கிக்கொடுத்த பைக்கையும் பாக்கிக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

அக்காவின் நிலைமையை விசாரிக்காமல் இவ்வளவு பெரிய தொகையைக் கேட்டது அவர் செய்த தப்பு. உங்கள் முதுகு வலி அவருக்குத் தெரியுமா? வேலையை விட்டது தெரியுமா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த மலையைப் பற்றி உங்கள் கடிதத்தில் விலை மட்டும்தான் இருக்கிறது. அவர் எதற்காகப் போகிறார், யாரோடு போகிறார், ஒரு வரிகூட இல்லை. நேபாள அரசு 2025 செப்டம்பரிலிருந்து வசந்த காலத்தில் ஏறுவதற்கான அனுமதிக் கட்டணத்தை மட்டுமே 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்த்திவிட்டது. வழிகாட்டும் ஷெர்பா, ஆக்சிஜன் சிலிண்டர், கூடாரம், சாப்பாடு எல்லாம் தனி. உயரத்துக்கு உடம்பைப் பழக்கவே வாரக்கணக்கில் அங்கே இருக்க வேண்டும். 8,849 மீட்டர் உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். இப்படிப்பட்ட இடத்துக்கு 41 வயதில் ஒருவர் கடன் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார் என்றால் அவர் மனசில் ஏதோ பெரிதாக ஓடுகிறது. அது என்னவென்று கேட்க உங்களைவிட உரிமையுள்ளவர் யார்?

அதனால் நீங்களே போன் செய்யுங்கள். முதலில் பணத்தை முடித்துவிடுங்கள்: "என்னால முடியாதுப்பா, நகையை வைக்க மாட்டேன், பி.எஃப். பாப்பா கல்யாணத்துக்கு." காரணத்தை நீட்ட வேண்டாம், பழைய ஃபீஸ் கதையை எடுக்கவே வேண்டாம். கையில் இருப்பதில் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும் சின்னத் தொகை இருந்தால் ஆசீர்வாதமாகக் கொடுங்கள். அதுவும் கட்டாயமில்லை. பிறகு மலையைப் பற்றிக் கேளுங்கள். உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ மலையேற்றப் பயிற்சி எடுத்தாரா, இதற்கு முன் 6,000, 7,000 மீட்டர் மலை ஏறியிருக்கிறாரா, ஹெலிகாப்டரில் மீட்க இன்சூரன்ஸ் இருக்கிறதா? பதில் திருப்தியாக இல்லையென்றால் "பயமா இருக்குடா, இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லுங்கள். காசு கொடுத்தவர் போடும் நிபந்தனையாக இல்லாமல், தூக்கி வளர்த்தவளின் கவலையாக அது அவர் காதில் விழும்.

ஒரு மாசம் அவர் பேசாமல் இருக்கலாம். வலிக்கும். அந்த மாசம் பணம் அனுப்பிச் சமாதானம் தேடாதீர்கள், நீங்கள் மட்டும் வாரம் ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டே இருங்கள். எடுக்காவிட்டாலும் கூப்பிடுங்கள்.

அப்புறம், அவரிடம் நீங்கள் ஏதாவது கேளுங்கள். முதுகுக்கு டாக்டரிடம் ஒரு தடவை கூட வரச் சொல்லுங்கள். மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் என்ன செய்யப்போகிறாய் என்று உரிமையோடு கேளுங்கள். எதைக் கொண்டுவந்தாலும் "உனக்கு எதுக்குடா இந்தச் செலவு" என்று சொல்லாமல், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.