படிவம் நிரம்புகிறது, வேலை மாறவில்லையே?

கேள்வி: கோத்தகிரியில் குழந்தைகள் இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளராக இருக்கிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் போட்டு, முடிந்தவரை குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் முறைக்கு மாறினோம். பணியாளர்கள் எல்லோரும் பயிற்சிக்குப் போய்வந்தார்கள். ஆறு மாதமாகிறது, ஃபைல்கள் பக்கா. ஆனால் நடப்பது எல்லாம் பழையபடிதான். இன்னொரு பயிற்சி வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் பத்து ஃபைல்களை எடுத்து, தனிநபர் பராமரிப்புத் திட்டத்தை எழுதும் படிவம் 7-இல் 'குழந்தையின் எதிர்பார்ப்பு' என்ற இடத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். பத்திலும் 'நன்றாகப் படிக்க வேண்டும்' என்றே இருந்தால், யாரும் குழந்தையிடம் உட்கார்ந்து பேசவில்லை என்று அர்த்தம். பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. சமையல் கணக்கு, பள்ளி, ஆஸ்பத்திரி, ஆய்வுக்கு வருபவர்களுக்கான பதிவேடு எல்லாம் அவர் தலையில் இருக்கும்போது, புதிய வேலையும் இன்னொரு பதிவேடாகத்தான் ஆகும். எதை அவரிடமிருந்து எடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான நிர்வாகங்கள் தாண்டிப்போகும் இடம் இதுதான்.

அப்புறம், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். ஆர்வமுள்ள இரண்டு பணியாளர்கள், ஆளுக்கு மூன்று குழந்தைகள் போதும். முதல் சில வீட்டுச் சந்திப்புகளுக்கு நீங்களும் கூடப் போக வேண்டும். வகுப்பில் கேட்டது கைக்கு வருவது, பக்கத்தில் ஒருவர் இருந்து திருத்தும்போதுதான்.

நம் மலைக்கென்று சில சங்கதிகள் உண்டு. தேயிலை எஸ்டேட் லயன் வீடுகளுக்கு வாரநாளில் போனால் அம்மா இலை பறிக்கப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை போங்கள், பணியாளருக்கு மாற்று விடுப்பு கொடுங்கள். பந்தலூர் பக்கம் என்றால் போய்வர ஒரு நாளே ஆகிவிடும். இருட்டினால் யானை பயம் வேறு. ஒரு நாளில் ஒரு வீடுதான் என்று கணக்குப் போடுங்கள். பணியர் பழங்குடியினரின் குடியிருப்புக்குப் போகும்போது அவர்கள் பேச்சு தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போனால், தலையாட்டலுக்குப் பதில் பேச்சு கிடைக்கும். ஆனால் கூட வரும் அந்த ஆள் முன் குடும்ப விஷயத்தைப் பேசச் சம்மதமா என்று அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை இல்லத்துக்கு வந்ததற்கு வறுமைதான் காரணம் என்று தெரிந்தால், குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய்க்கு வழி உண்டு. தகுதி பார்த்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே இல்லத்தைக் கடைசி வழி என்றுதான் வைத்திருக்கிறது. ஆனால் அவசரம் வேண்டாம். வீடு பாதுகாப்பானதா என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது. அனுப்பும் உத்தரவு குழந்தைகள் நலக் குழுவுடையது.

வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம், ஒரே ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஃபைலை மூடிவைத்துவிட்டு, 'கடைசியாக அவனிடம் என்ன கேட்டீர்கள், அவன் என்ன சொன்னான்?' என்று பணியாளரிடம் கேளுங்கள். பதில் வராத வாரங்கள் இருக்கும். அப்போது திட்டாமல், அந்த வாரம் அவருக்கு என்னென்ன வேலை கொடுத்திருந்தீர்கள் என்று பாருங்கள்.