பேனிக் அட்டாக் வந்தால் எப்படிச் சமாளிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

எனக்கு மூன்று வருஷம் இருந்தது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

செங்கோட்டையில் ஒரு காய்கறி கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறேன். மாதம் இரண்டு தடவை புனலூர் போய் பாக்கி வசூலிப்பதும் என் வேலைதான். 2019 ஜூலை, நல்ல சாரல். கொல்லம் ரயிலில் மழைக்கு எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் ஒரு நீளக் குகை வருமே, அதற்குள் வண்டி நுழைந்ததும் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. ஓடவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை, உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தேன். மூச்சு போதவில்லை. உதட்டைச் சுற்றி மரத்துப்போனது. அப்புறம் இரண்டு கை விரல்களும் தானாக மடங்கி விறைத்துக்கொண்டன. கடலைப் பொட்டலத்தைக் கீழே வைக்கக்கூட வரவில்லை. எங்கப்பா 52 வயதில் நெஞ்சுவலியில் போனவர். எனக்கு அப்போது 34. சரி, நம்ம கணக்கும் முடிஞ்சுது என்றே நினைத்தேன்.

ஆரியங்காவில் இறங்கி, வண்டி பிடித்து ஊர் திரும்பி, ஆஸ்பத்திரிக்குப் போனால் இ.சி.ஜி. நார்மல். "ஒண்ணும் இல்ல, கேஸ்தான்." ஆச்சி ஓமத்தண்ணி கொடுத்து, "வெப்ராளம்டே, சரியாப் போயிரும்" என்றாள். வெப்ராளம் என்றால் எங்கள் பக்கம் மனப்பதற்றம். அடுத்த ஐந்து மாதத்தில் இன்னும் மூன்று இ.சி.ஜி., வேறு வேறு ஆஸ்பத்திரி, அதே "ஒண்ணும் இல்ல". இதயத்தில் ஒன்றும் இல்லை, சரி. விரல் மடங்கியதே, அது என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. யோசித்தால், ஆச்சி சொன்ன பேர்தான் அந்த டாக்டர்கள் சொன்னதைவிட சரியாக இருந்தது.

விஷயம் இதுதான். உடம்பு ஆபத்து என்று தப்பாக நினைத்து அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு அடிக்கும், வேர்க்கும். மூச்சு வேகமாக, மேலோட்டமாக ஓடும். அப்படி ஓடும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. தலைசுற்றல், மரத்துப்போவது, விரல் மடங்குவது எல்லாம் அதனால்தான். காற்று போதவில்லை என்று தோன்றும், ஆனால் உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். "நல்லா மூச்சை இழுங்க, இழுங்க" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது அதை இன்னும் கூட்டும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். நீங்கள் சோடா குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். நாம் சோடாவுக்குப் பேர் கொடுத்துவிடுகிறோம்.

என்னைக் கெடுத்தது அந்த அரை மணி நேரம் இல்லை, அதற்கு அப்புறம் நான் செய்ததுதான். முதலில் ரயிலை விட்டேன், பஸ்ஸில் போனேன். புளியரை எஸ் வளைவில் மரலாரிக்குப் பின்னால் பஸ் நின்றபோது மறுபடி வந்தது. பஸ்ஸையும் விட்டேன். தென்மலை வரை யாராவது பைக்கில் கூட்டிப்போனால் போவேன் என்று இருந்தது, ஆரியங்காவு வரை ஆனது, பிறகு புளியரை செக்போஸ்ட்டைத் தாண்ட மாட்டேன். வசூலுக்குத் தம்பியை அனுப்பினேன். 2020இல் கொரோனா வந்து ரயிலே நின்றது. ஊரே கவலைப்பட்டது, எனக்கு மட்டும் நிம்மதி. ஏன் போகவில்லை என்று இனி யாரும் கேட்க மாட்டார்களே! சட்டைப்பையில் எப்போதும் ஒரு மாத்திரை. சாப்பிடுவதே இல்லை, ஆனால் அது இல்லாமல் டீக்கடைக்குக்கூடப் போக மாட்டேன்.

2022இல்தான் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். தைராய்டு, ரத்தசோகை எல்லாம் சோதித்துவிட்டு, தினசரி மாத்திரை ஒன்று கொடுத்தார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம் என்று முன்னாலேயே சொன்னதால் பயப்படவில்லை. அங்கே இருந்த சைக்காலஜிஸ்ட் மேடம் செய்ததுதான் வேடிக்கை. என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிஷம் சுற்றிவிட்டார். இன்னொரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்னார். மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். "இப்ப தலை சுத்துதா? நெஞ்சு அடிக்குதா? செத்துட்டீங்களா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். பத்துத் தடவைக்கு அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலைசுற்றல் வெறும் தலைசுற்றலாகத் தெரிய ஆரம்பித்தது.

அடுத்து ஊர். பகவதிபுரம் வரை தனியாகப் போய்த் திரும்பினேன், நான்கு தடவை. பிறகு குகை. சட்டைப்பை மாத்திரை இல்லாமல் போக வேண்டும் என்பது மேடத்தின் கண்டிஷன். முதல் தடவை குகைக்குள் வந்தேவிட்டது. இறங்கி ஓட இடமில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று.

வரும் நேரத்தில் நான் செய்வது கொஞ்சம்தான். "இது அதுதான், வந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிக்கொள்வேன். நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி வாயால் மெதுவாக விடுவேன். விடுவதுதான் முக்கியம், இழுப்பது தானாக நடக்கும். மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால், இதில் பெரும்பாலும் ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்யும், மயக்கம் அபூர்வம். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடுவதெல்லாம் வேண்டாம். காபியை ஒரு நாளைக்கு ஒன்றாகக் குறைத்தேன், அது நிஜமாகவே உதவியது.

ஒன்று மட்டும்: முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் இந்தப் பதிலை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், இ.சி.ஜி. எடுங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் கட்டாயம். அது சரியாக இருந்து, இது திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். போகத் தயக்கமா, 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்று அரசு இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

போன மாதமும் குகைக்குள் லேசாக வந்தது. எதிர் சீட்டுப் பையன் இருட்டைப் பார்த்ததும் "ஊ" என்று கத்திக்கொண்டே இருந்தான். நான் ஆறு எண்ணுவதை இரண்டு தடவை விட்டுவிட்டேன். ஆரியங்காவு வந்தது, இறங்கவில்லை. புனலூரில் நாலு கடையில் மூன்று பேர் பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். நாலாவது ஆள் "அடுத்த மாசம் வா, அண்ணாச்சி" என்கிறார். போகத்தான் வேண்டும்.