கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

நாலு வயது மகள் பின்வாசலில் உட்கார்ந்து ‘குட்டிம்மா’ என்று யாரோடோ பேசுகிறாள். அங்கே யாரும் இல்லை. செம்பனைக் காட்டுப் பக்கம் போனதில் காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிக்க வேண்டும் என்கிறார் மாமியார்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பயப்படாதீர்கள், இது விளையாட்டுதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கூட்டாளி இருந்திருக்கிறது. பிள்ளைகள் உயிர் கொடுத்துப் பேசும் பொம்மைகளும் அந்தக் கணக்கில் சேரும்.

“குட்டிம்மா என்ன சட்டை போட்டிருக்கா?” என்று மகளையே கேளுங்கள். பல பிள்ளைகள் நிறத்தைச் சொல்லிவிட்டு, “சும்மா வெளையாட்டும்மா” என்று நமக்கே விளக்கம் சொல்வார்கள்.

விபூதி பூசுவதில் கெடுதல் இல்லை. ஆனால் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, வேப்பிலையால் அடித்து, “யார் நீ?” என்று அதட்டினால், விளையாட்டு நிஜப் பயமாகிவிடும். அப்புறம் தனியாகப் படுக்காது, தூக்கத்தில் அலறும். “நீங்க சின்ன வயசுல சொப்பு வச்சு வெளையாடுன மாதிரிதான் அத்தை” என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அந்தக் கூட்டாளி யாரையாவது அடிக்கச் சொன்னால், பிள்ளையையே மிரட்டினால், போகச் சொல்லியும் போகாவிட்டால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டாலும், மற்றப் பிள்ளைகளோடு சேரவே மறுத்தாலும் அப்படித்தான்.

குட்டிம்மாவுக்கும் தட்டு வைக்கச் சொல்கிறாள். மைலோவைக் கொட்டிவிட்டு ‘அவதான் கொட்டுனா’ என்கிறாள்.

காலித் தட்டு வையுங்கள், சோறு வேண்டாம். பிள்ளை முன்னே போகட்டும், நீங்கள் பின்னே போங்கள். நீங்களாகக் குட்டிம்மாவைக் கூப்பிடாதீர்கள். “குட்டிம்மா காய் சாப்பிடச் சொல்றா” என்று அவள் பேரில் வேலையும் வாங்காதீர்கள். பிள்ளை தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஆளை நாம் பறிப்பது நியாயமில்லை.

மைலோவுக்கு, பொய் என்று வாதாட வேண்டாம். “யார் கொட்டினாலும் துடைக்கணும்” என்று துணியை அவள் கையில் கொடுங்கள். திட்டுக்குப் பயந்து சொல்லும் சாக்கு அது. திட்டு குறைந்தால் சாக்கும் குறையும்.

மகனுக்கு இரண்டு வயது. பொய்க்கு விளையாடத் தெரியவில்லை, காரைக் கவிழ்த்துப் போட்டு சக்கரத்தையே சுற்றுகிறான்.

சக்கரம் சுற்றுவதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் 18 மாத வாக்கில் பிள்ளைகள் காலிக் கோப்பையில் குடிப்பதுபோல் செய்யத் தொடங்குவார்கள். அதுவும் இல்லை, பேர் சொன்னால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால், ‘ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் வரும்’ என்று காத்திருக்காதீர்கள். கிளினிக்கில் எம்-சாட் (M-CHAT) என்ற, ஆட்டிசத்துக்கான முதல்கட்டப் பரிசோதனையைக் கேளுங்கள். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கான 20 கேள்விகள் அவை. அது ஆட்டிசம் என்று முடிவு சொல்லாது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் காட்டும்.

பொம்மை வாங்க வசதி இல்லை. வீட்டில் இருப்பதைக் கொடுக்கலாமா?

தாராளமாக. விளிம்பு மழுங்கிய மைலோ டின், சிரட்டை, பழைய துண்டு, அட்டைப் பெட்டி போதும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால், டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதையும் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். புளியங்கொட்டையும் கித்தாக் (ரப்பர்) கொட்டையும் இதில் அடக்கம்; கித்தாக் கொட்டையைப் பச்சையாகக் கடித்தால் நஞ்சு வேறு. தோட்டத்தில் அடிக்கும் பூச்சி, களை மருந்துப் போத்தலைக் கழுவிக்கூட சொப்பாக்க வேண்டாம். அதன் மூடியிலும் மருந்து தங்கியிருக்கும்.