மழை சரி, காற்று எப்படி?

கேள்வி: கார்த்திகையில் ஒரு ஞாயிறு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை நடப்பதாக நண்பர்கள் பன்னிரண்டு பேர் பேசி வைத்திருந்தோம். இப்போது தினமும் மழை. பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள், மீதிப் பேர் மழையில் நடப்பதுதான் மஜா என்கிறார்கள். போகலாமா?
- வாசகர், பரமக்குடி

பதில்: மழையை விடுங்கள், நனைந்தால் காய்ந்துவிடும். காற்றும் இடியும்தான் பிரச்சினை. அந்த ஒன்பதரை கிலோமீட்டர் ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு இடம் கிடையாது, வாடைக்காற்று போகும்போது இடது காதில் அறைந்தால் வரும்போது வலது காதில் அறையும், அதோடு மணலையும் அள்ளி முகத்தில் வீசும். 1964 புயலில் போன பழைய தேவாலயம் இருக்கிறதே என்பீர்கள். கூரையே இல்லை, பவளக்கல் சுவர் இற்றுப்போய் நிற்கிறது, அதன் கீழே நிற்பதைவிட நனைவது மேல். அதனால் ஒரு வேன் கூடவே வரட்டும். இடி கேட்டதும் எல்லாரும் அதில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் இறங்க வேண்டாம். அந்த வேனிலேயே திரும்பி வந்துவிடுங்கள், போக வர நடந்தால் பத்தொன்பது கிலோமீட்டர், ஈரக்காலோடு அது வேண்டாத வீராப்பு.

கிளம்பும் முன் பாம்பன் துறைமுகத்தில் எத்தனாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று கேளுங்கள். ஒன்று என்றால் புயல்சின்னம் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம், யோசித்துப் போகலாம். மூன்று என்றால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடப்போகிறது, பேச்சே வேண்டாம். கடல் கொந்தளித்தால் போலீஸே வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவர்களிடம் மல்லுக்கட்டாதீர்கள். அன்றைக்கு ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

வேண்டாம் என்கிற அந்தப் பாதிப் பேரைக் கிண்டல் செய்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பாதி வழியில் முதலில் உட்காருவது பெரும்பாலும் மஜா கோஷ்டிதான்.

கேள்வி: குடையா, ரெயின்கோட்டா?
- அதே வாசகர்

பதில்: குடை அங்கே ஒரே அடியில் மடங்கிக் கம்பி கண்ணைக் குத்தும். ரெயின்கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை, அதையே போடுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், ஈர மணலில் வார் பிய்த்துக்கொள்ளும். பின்னால் பட்டை உள்ள செருப்பு போதும், போன வாரம் வாங்கிய புது ஷூவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.